இந்தக் கட்டை எத்தனை அடி தாங்கும்?

மரவேலை நடக்கும் இடத்துக்குப் போனால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “சார், இந்தக் கட்டை எத்தனை அடி தாங்கும்?” வீட்டை ஒட்டி மரத்தளம் போடுகிறவர்களும் கேட்பார்கள், கூரையைப் பிரித்து மாற்றுகிறவர்களும் கேட்பார்கள். மரக் கட்டுமானத்தில் பொறியாளராக இத்தனை காலம் இருந்தபின்னும் இதற்கு நான் ஒற்றை எண்ணில் பதில் சொன்னதே இல்லை. என்ன மரம், ஈரமா காய்ந்ததா, நிமிர்த்தி வைக்கப்போகிறீர்களா படுக்கவைத்தா, அடுத்த கட்டை எவ்வளவு தள்ளி வருகிறது, மேலே என்ன ஏறப்போகிறது, முனை எதன்மேல் உட்காருகிறது என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் இத்தனையும் தெரியாமல் சொல்லப்படும் ஸ்பானை நம்பி யாரும் மேலே ஏறக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்பான் என்றால் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே கட்டை அந்தரத்தில் நிற்கும் தூரம். தளத்தில் பலகைக்கு அடியில் வரிசையாக ஓடுபவை சட்டங்கள். சட்டங்களைத் தாங்குவது உத்திரம். உத்திரத்தைத் தாங்குவது தூண். கூரையில் ஓட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் ரீப்பரைத் தாங்குவது கைமரம். பாரம் எப்போதும் இந்த வரிசையில்தான் தரைக்கு இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஸ்பான் தனி, கணக்கும் தனி.

முதலில் நிமிர்த்துவதைப் பற்றி. பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து நடுவில் அழுத்தினால் வளைகிறது, நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் அசைவதில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தில்தான் முழு ஸ்பான் கணக்கும் நிற்கிறது. கட்டையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பலமும் (ஒடியாமல் தாங்குவது) விறைப்பும் (வளையாமல் நிற்பது) இரட்டிப்பாகும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் பலம் 4 மடங்கு, விறைப்பு 8 மடங்கு. பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் போகிறது என்பதை கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். கட்டைக்குள் இழுவிசை எப்படிப் பரவுகிறது என்பதில் அவர் கணக்கு பிசகியது. இந்த விகிதம் மட்டும் சரியாக நின்றது.

50 மில்லிமீட்டர் அகலம், 150 உயரம் உள்ள சட்டத்தையே படுக்கவைத்தால் தொய்வு 9 மடங்காகிறது. 75 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் 150 உயரக் கட்டைக்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று வழுக்கிக்கொள்வதால் விறைப்பு கால் பங்குதான் கிடைக்கும். வழுக்காமல் முழு நீளமும் பசையும் போல்ட்டும் இட்டால்தான் அது ஒரே கட்டையாக வேலை செய்யும். பக்கவாட்டில் சேர்த்து அடிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் உத்திரத்துக்கு இரண்டு மூன்று பலகைகளை நிமிர்த்திச் சேர்த்து அடிக்கிறார்கள்.

ஒருமுறை மரத்தளம் ஒன்றை நீட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இருந்த தளத்தில் 50-க்கு 150 சட்டங்கள், 400 மில்லிமீட்டர் இடைவெளியில், 3 மீட்டர் ஸ்பான். நன்றாகவே நின்றது. “ஒரு மீட்டர்தானே கூடுது, அதே சைஸ்லயே போட்டுடலாமே” என்றார் வீட்டுக்காரர். அங்கேயே ஒரு பலகையில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

சதுர மீட்டருக்கு ஆட்கள், சாமான் என்று வந்துபோகும் பாரம் 200 கிலோ, தளத்தின் சொந்த எடை 50 கிலோ, ஆக 250 கிலோ. 400 மில்லிமீட்டருக்கு ஒரு சட்டம் என்பதால் ஒரு சட்டத்தின்மேல் மீட்டருக்கு 100 கிலோ. மரம் வளைய எவ்வளவு மறுக்கிறது என்று சொல்லும் விறைப்பெண்ணை 9,000 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டேன். 3 மீட்டரில் நடுத்தொய்வு சுமார் 8.3 மில்லிமீட்டர் வருகிறது. ஸ்பானை 360-ஆல் வகுத்தாலும் அதே 8.3. தளங்களுக்கு வந்துபோகும் பாரத்தில் 360-ல் ஒரு பங்குக்குமேல் தொய்யக்கூடாது என்பது பல நாடுகளின் வழக்கம். இங்கே மொத்தப் பாரமும் சேர்ந்தே அந்த எல்லைக்குள் நிற்கிறது. நல்ல தளம்.

அதே சட்டத்தை 4 மீட்டருக்குக் கொண்டுபோனால்? தொய்வு ஸ்பானின் நான்காம் அடுக்கில் ஏறும். மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடியதற்குத் தொய்வு 3 மடங்குக்கும் மேலாகி 26 மில்லிமீட்டரைத் தொடுகிறது. 4 மீட்டருக்கு 360-ல் ஒரு பங்கு என்பது 11 மில்லிமீட்டர்தான். மரத்தில் ஏறும் வளைவு அழுத்தம் 6-லிருந்து 10.7 மெகாபாஸ்கலாகிறது. நல்ல ரக மரம் அதைத் தாங்கிக்கொள்ளக்கூடும், ஒடியாது. ஆனால் நடக்கும்போது தளம் துள்ளும், மேலே வைத்த தொட்டி ஆடும், தண்ணீர் நடுவில் தேங்கும். தேங்கிய தண்ணீர் பிறகு மரத்தைத் தின்னும்.

அவர் கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எவ்வளவு உயரம் வேணும்?” என்றார். அதுதான் சரியான கேள்வி. 200 மில்லிமீட்டர் உயரம் போட்டால் தொய்வு 11.1-க்கு இறங்குகிறது, அழுத்தமும் பழையபடி 6-க்கு வந்துவிடுகிறது. இது தற்செயல் இல்லை. பாரமும் இடைவெளியும் அகலமும் மாறாதவரை, ஸ்பானையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் கூட்டினால் அழுத்தமும் தொய்வு விகிதமும் மாறாமல் நிற்கும். இந்தப் பாரத்துக்கு, இந்த மரத்துக்கு, 400 இடைவெளிக்கு, அந்த விகிதம் 20. ஸ்பானை 20-ஆல் வகுத்தால் உயரம். தச்சர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விகிதங்கள் எல்லாம் இப்படி ஏதோ ஒரு பாரத்துக்கும் இடைவெளிக்கும் பிறந்தவைதான். இடைவெளியை 600 ஆக்கிவிட்டு அதே 20-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சட்டமும் ஒன்றரை மடங்கு சுமக்கிறது என்பதை மறந்துவிட்டோம் என்று பொருள்.

இன்னொன்று, அளவைக் கடையில் சொன்னபடி நம்பவேண்டாம், டேப்பை வைத்துப் பாருங்கள். வட அமெரிக்க வழக்கில் ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்கும் மரம், இழைத்தபின் 38-க்கு 140 மில்லிமீட்டர்தான். அதை 50-க்கு 150 என்று எண்ணிக் கணக்குப் போட்டால் விறைப்பில் 62 சதவீதம்தான் உண்மையில் கையில் இருக்கும். அந்த 8.3 மில்லிமீட்டர் தொய்வு 13.5 ஆகிவிடும்.

தொய்வைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான தச்சர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கூரைக்கு அடியில் நின்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர், “தம்பி, முதல்ல இந்த நூலைப் பிடிங்க” என்று உத்திரத்தின் ஒரு முனையில் என்னை நிற்கவைத்து, மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார். இன்றும் எந்தப் பழைய கட்டுமானத்திலும் என் முதல் வேலை நூல் பிடிப்பதுதான். அந்த அளவை எழுதிவைத்து, ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளந்தால் மரம் நின்றுவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேலே பாரம் எதுவும் கூட்டாமலே இறங்குகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் மரம் ஓட்டின் எடை, தளத்தின் சொந்த எடை போன்ற நிரந்தரப் பாரத்தின்கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். காய்ந்த மரத்தில் நிரந்தரப் பாரத்தின் தொய்வைப் போட்ட அன்றைக்குப்போல் ஒன்றரை மடங்காகவும், ஈரத்தோடு ஏற்றிய மரத்தில் 2 மடங்காகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். வெட்டிய ஈரம் காயாத மரத்தைக் கூரையில் ஏற்றிவிட்டு இரண்டு வருடத்தில் முகடு குழிந்துவிட்டது என்று வருந்துகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்தவெளித் தளத்துக்கு ஈரம் இன்னொரு வகையிலும் வேலை செய்கிறது. நனைந்த மரத்தின் வளைவுப் பலம் சுமார் 15 சதவீதம் குறைகிறது. இழைக்குக் குறுக்கே நசுங்காமல் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. முனைகள் தூணின்மேல் அமுங்கி நசுங்குவது இதனால்தான். சட்டத்தின் முனை மரத்தின்மேலோ இரும்பின்மேலோ உட்கார்ந்தால் குறைந்தது 38 மில்லிமீட்டர், செங்கல் சுவரின்மேல் என்றால் 76 மில்லிமீட்டர் உட்கார வேண்டும் என்று அமெரிக்க விதிகள் சொல்கின்றன. இதைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தைப் பற்றிச் சொல்லும்போது மக்கள் சராசரி நாளை நினைக்கிறார்கள். நான் விசேஷ நாளை நினைக்கச் சொல்வேன். சாதாரணமாக நாலு பேர் உட்காரும் தளத்தில், ஒரு விழாவன்று போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே ஓரத்தில் தோளோடு தோள் நிற்பார்கள். நெருக்கமான கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை கணக்கிடுவது உண்டு; வீட்டுத் தளக் கணக்கின் இரண்டரை மடங்கு அது. தண்ணீர் இன்னும் மோசம். 60 சென்டிமீட்டர் ஆழத் தொட்டி நிரம்பினால் சதுர மீட்டருக்கு 600 கிலோ, அதுவும் நிரந்தரமாக. நடுவில் தொங்கும் ஊஞ்சலும் அப்படித்தான். சட்டம் முழுக்கப் பரவிய பாரத்தைவிட, அதே எடை நடு ஒன்றில் குவிந்தால் வளைவு விசை 2 மடங்கு. இவற்றில் எது வந்தாலும், எந்த அளவுக் கட்டை எவ்வளவு தூரம் போகலாம் என்று பட்டியலிடும் பொதுவான ஸ்பான் அட்டவணையை மூடிவிட்டுத் தனிக் கணக்குப் போட வேண்டும்.

உத்திரத்துக்கு எவ்வளவு வருகிறது என்பதில்தான் அதிகமாகத் தவறுகிறது. மேலே சொன்ன 4 மீட்டர் தளத்தில் சட்டங்களின் ஒரு முனை சுவரில், மறுமுனை உத்திரத்தில். உத்திரத்துக்குப் பாதி, அதாவது 2 மீட்டர் அகலத்தின் பாரம். மீட்டருக்கு 500 கிலோ. தூண்கள் 2.5 மீட்டருக்கு ஒன்று என்றால் நடுத்தூண் ஒவ்வொன்றிலும் சுமார் 1,250 கிலோ இறங்கும். இப்போது சட்டங்களை உத்திரத்தைத் தாண்டி 80 சென்டிமீட்டர் வெளியே நீட்டுகிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. உத்திரத்தின் பாரம் மீட்டருக்கு 720 கிலோவாகிவிடும். நீட்டியவர் உத்திரத்தை மாற்றியிருக்க மாட்டார். நீட்டலை உள் ஸ்பானில் கால் பங்குக்குமேல் கொண்டுபோகாதீர்கள் என்பது அமெரிக்கத் தள வழிகாட்டிகளில் உள்ள விதி. நான் அதையும் தொடுவதில்லை. இன்னொன்று: ஒரே நீளச் சட்டம் மூன்று தாங்கிகளின்மேல், இரண்டு சம ஸ்பானாக ஓடினால், நடு உத்திரத்துக்கு நாம் பாதி பாதி என்று கூட்டிய கணக்கைவிட 25 சதவீதம் அதிகம் வரும். சட்டத்துக்கு அது நல்லது, தொய்வு குறையும். உத்திரத்துக்குத்தான் கேடு.

கூரைக்கு வருகிறேன். கைமரத்தின் ஸ்பானைச் சரிவின் நீளத்தில் அளப்பவர்கள் உண்டு, தரைமட்டத்தில் அளப்பவர்களும் உண்டு. பெரும்பாலான அட்டவணைகள் கிடைமட்ட தூரத்தையே கேட்கின்றன. ஆனால் ஓட்டின் எடை சரிவின் பரப்பில் இருக்கிறது. 30 பாகைச் சரிவில் கிடைமட்டப் பரப்பைவிட 15 சதவீதம் அதிக ஓடு இருக்கும், 45 பாகையில் 41 சதவீதம். இரண்டையும் குழப்பாமல் ஒன்றில் நின்று கணக்கிட வேண்டும். தகரக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: தகரம் சதுர மீட்டருக்குப் பத்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம், ஓடு ஐம்பது அறுபது கிலோவுக்குப் போகும். பழைய கைமரம் அந்தப் பத்து கிலோவுக்குப் போடப்பட்டது. ஓட்டிலிருந்து தகரத்துக்கு மாறுகிறவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை: கூரை லேசாகிவிட்டதால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். கைமரத்தைச் சுவரோடு கீழே இழுத்துக் கட்டும் பட்டை வேண்டும். பனி பெய்யும் ஊர் என்றால் பனியின் பாரத்தை அந்த வட்டாரத்தின் விதியிலிருந்தே எடுக்க வேண்டும்; ஊகத்தில் எடுக்க அதில் இடமே இல்லை.

கூரையில் எனக்கு மிகுந்த கவலை தருவது ஸ்பான் அல்ல, உதைப்பு. எதிரெதிரே சாய்ந்து நிற்கும் இரண்டு கைமரங்கள் சுவர்களை வெளியே தள்ளுகின்றன. அதைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே ஓடும் விட்டம். ஒரு வீட்டில், அறை உயரமாகத் தெரியட்டும் என்று விட்டங்களை அறுத்து எடுத்திருந்தார்கள். கைமரம் தடித்த மரம், ஸ்பானுக்கு மீறிய அளவு. ஆனாலும் நான் போனபோது முகடு இறங்கியிருந்தது, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் சுவரின் தலை வெளியே போயிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. 6 மீட்டர் அகல வீடு, 30 பாகைச் சரிவு, 60 சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடி, மொத்தப் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்தால் ஒவ்வொரு ஜோடியும் சுமார் 234 கிலோ விசையோடு சுவரைத் தள்ளுகிறது. சரிவை 15 பாகையாகத் தாழ்த்தினால் 500 கிலோவைத் தாண்டுகிறது. விட்டத்தை எடுக்காமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏற்றினாலே இழுவிசை ஒன்றரை மடங்காகும்; கைமரமும் அந்த இடத்தில் வளையத் தொடங்கும். விட்டமே வேண்டாம் என்றால் உச்சியில் வெறும் பலகை போதாது. இரு முனையிலும் தூணோ சுவரோ தாங்கும் உண்மையான முகட்டு உத்திரம் வேண்டும், அதற்கும் ஸ்பான் கணக்கு வேண்டும். அந்த வீட்டில் அப்படித்தான் செய்தோம்; அதற்குமுன் கம்பியால் சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகப் போட்டபிறகு குழாய்க்காரரும் எலக்ட்ரீஷியனும் வருவார்கள். நடு ஸ்பானில் அடிப்பக்கம் வெட்டுவதைப்போல் சட்டத்துக்குக் கேடு வேறில்லை, இழுவிசை உச்சத்தில் இருக்கும் இடம் அது. அமெரிக்க விதிகளின்படி நடு மூன்றில் ஒரு பங்கில் வெட்டே கூடாது. மற்ற இடத்தில் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, முனையில் கால் பங்கு வரை. துளை என்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், மேல் கீழ் விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி. பெரிய கணு உள்ள பக்கத்தை மேலே வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உயரமான ஒல்லிச் சட்டங்கள் பக்கவாட்டில் சாயாமல் இருக்க முனைகளில் குறுக்குக் கட்டை அடிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையை எடுக்கும்போது, எண்ணுக்கு முன்னால் தலைப்பில் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள்: எந்தப் பாரம், எந்தத் தொய்வு எல்லை, எந்த மரம், எந்தத் தரம், காய்ந்ததா நனைவதா. தளத்துக்கு 360, உட்கூரைப் பூச்சு இல்லாத கைமரத்துக்கு 180 என்று எல்லைகள் மாறும். கூரை அட்டவணையைப் பார்த்துத் தளம் போட்டால் அனுமதித்த தொய்வு இரட்டிப்பாகியிருக்கும். உங்கள் நிலைமை அட்டவணையின் தலைப்போடு ஒரு வரியில் ஒத்துப்போகாவிட்டாலும் பொறியாளரிடம் போங்கள்.

ஸ்பான் மட்டும் சரியாக இருந்தால் போதாது; தளங்கள் விழுவது பெரும்பாலும் சுவரோடு சேரும் இடத்தில். 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் விருந்து நடந்த கட்டடத்தின் மரத் தாழ்வாரம் சரிந்து 13 பேர் இறந்தார்கள். 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பால்கனி ஒடிந்து 6 பேர் இறந்தார்கள், 7 பேர் காயமடைந்தார்கள். சுவரிலிருந்து வெளியே நீண்ட சட்டங்கள் நீர் புகுந்து உளுத்துப்போயிருந்தன. வெளியே நீளும் சட்டத்தில் விசை உச்சமாக இருப்பதும் நீர் தங்குவதும் ஒரே இடத்தில், சுவரின் விளிம்பில். இந்த இரண்டு செய்திகளையும் நான் தளம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

ஆகவே சுவரில் பதிக்கும் பலகையை வெறும் ஆணியில் தொங்கவிட நான் சம்மதிப்பதில்லை. துரு ஏறாத போல்ட், மேலே நீர் உள்ளே போகாமல் தகட்டு மடிப்பு, சட்ட முனைகளைத் தாங்கிப் பிடிக்க இரும்பு ஹேங்கர், அதன் எல்லாத் துளைகளிலும் அதற்குரிய ஆணி. பழைய தளமாக இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் குத்தூசியோடு அடியில் போய், சுவர்ப் பலகையிலும் சட்ட முனைகளிலும் தூண் அடியிலும் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கிறேன். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது. ஊசி சுலபமாக இறங்கினால் அன்றைக்கே தளத்தில் யாரும் ஏறாமல் மூடச் சொல்லி, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பான் பேச்சையே எடுப்பேன்.